மாதா வந்த பேட்டரி

போன மாதம் தக்கலையில் என் ஸ்கூட்டருக்குப் பேட்டரி மாற்றப் போனேன். மெக்கானிக் புதுப் பேட்டரியை உள்ளே வைத்து வயர்களை முறுக்கிக்கொண்டே, கேட்காமலேயே பாடம் நடத்தத் தொடங்கினார்.

"இத மட்டும் மாத்திக் குடுத்திரப்பிடாது, கேட்டியளா? கறுப்பு இருக்கிய எடத்தில சொவப்பத் தொட்டா ஒரு தீப்பொறி, கொஞ்சம் பொக, அவ்வளவுதான். பெரிய எஞ்சின்னா டைனமோ அந்த நிமிசமே தீந்துது."

நான் கையிலிருந்த ஹெல்மெட்டை பெஞ்சில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்த பிறகுதான் போட்டு உடைக்கிற மாதிரி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. பாவம், கோபம் அவர்மீது இல்லை. சிவப்பு வயர், கறுப்பு வயர் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பாவுக்கு ஒரு போட்டு இருந்தது. கொச்சிப் பக்கம் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய மரப் படகு. அதன் டீசல் எஞ்சினுக்கு என்னைவிட வயது அதிகம். முதுகுவலி வந்த பிறகு அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகக் குளச்சலில் மீன் ஏலம் பார்க்கிறவராக மாறியிருந்தார். போட்டை ஓட்டியது மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ஓட்டுவது, எஞ்சினை நோக்குவது, ஆட்களைக் கூட்டுவது எல்லாம் அவர்தான். ஆனால் போட்டைப் பற்றி ஊரில் பேசுவது மட்டும் அப்பா.

அந்த எஞ்சினின் முன்பக்கம் ஒரு பெல்ட்டில் தொங்கிக்கொண்டு சுற்றுவதுதான் டைனமோ. கடைக்காரர்கள் ஆல்டர்நேட்டர் என்பார்கள். எங்கள் கடற்கரையில் அது எப்போதும் டைனமோதான். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சார்ஜ் ஏற்றுவது அதன் வேலை. போட்டின் நடுவே நிற்கும் கம்பமான கொம்பில் எரியும் விளக்கு, வயர்லெஸ், திசை காட்டும் ஜிபிஎஸ் எல்லாமே அந்தப் பேட்டரியை நம்பித்தான். எஞ்சினை நிறுத்திவிட்டால் மறுபடி உயிர்ப்பிப்பதற்கும் பேட்டரி வேண்டும். வலையை விரித்துவிட்டு எஞ்சினை நிறுத்திக் கிடக்கும்போது, கப்பல் போகிற பாதையில் நம் போட்டு கிடப்பதைக் கப்பல்காரனுக்குச் சொல்ல அந்த ஒற்றை விளக்கைத் தவிர வேறு நாதி கிடையாது.

எங்கள் ஊரில் மாதா திருவிழா டிசம்பர் தொடக்கத்தில் வரும். கடைசி நாள் சப்பரம் தெருத்தெருவாகப் போகும்போது, உயரத்துக்கு மின்கம்பி தட்டிவிடக் கூடாதென்று கரண்டை நிறுத்திவிடுவார்கள். இருட்டுத் தெருவில் மாதா மட்டும் ஜொலித்துக்கொண்டு வருவார். அந்த விளக்குகள் ஏதாவது ஒரு போட்டின் பேட்டரியில்தான் எரியும். பேட்டரி மாதாவின் காலடியில், பட்டுத் துணிக்குப் பின்னால் இருக்கும். எந்தப் போட்டின் பேட்டரி என்பது ஊரில் பெரிய கௌரவம். நான் நான்காம் வகுப்புப் படித்த அந்த வருடம் அது அப்பாவுக்குக் கிடைத்தது. சப்பரம் போன வழியெல்லாம் அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தார். மாதாவைச் சுமப்பது அவர்தான் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் பேட்டரியைப் போட்டில் மாட்ட மாமா கை நீட்டினார். அப்பா விடவில்லை. மாதாவின் காலடியில் இருந்த பொருளை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாதாம். மாமா சிரித்துவிட்டு வலை தைக்கப் போனார். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினார். துணைக்கு நான். அப்பா எஞ்சினில் கைவைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு வயர்களும் பல வருடத்துக் கிரீஸில் ஊறி ஒரே நிறமாகிக் கிடந்தன. அவர் ஒன்றை முறுக்கினார். இரண்டாவதைத் தொட்ட உடனே படீரென்று ஒரு வெளிச்சம் அடித்தது. எனக்குக் கண் கூசியது. டைனமோ பக்கமிருந்து புகை எழுந்தது. ரப்பர் கருகின மாதிரி நாற்றம்.

அப்பா வயர்களைப் பிடுங்கி இடம் மாற்றிப் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மக்களே, கண்டியா? மாதா வந்தா."

"எங்கப்பா?"

"பேட்டரியிலதான். காலடியில இருந்ததில்லியா, அந்தச் சக்தியாக்கும். இத ஆருட்டயும் சொல்லப்பிடாது. புதுமைய வெளிய சொன்னா கலைஞ்சு போவும்."

அற்புதத்துக்கு எங்கள் கோயிலில் புதுமை என்றுதான் பெயர். நான் அந்த அழுக்கு எஞ்சின் அறையிலேயே முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை. அவரும் ஒரு சிலுவை போட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு மடங்கு எரிகிறது.

அன்று போன போட்டு திரும்பி வரும்போது விளக்கு மங்கி, வயர்லெஸ் ஊமையாகியிருந்தது. டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்று மாமா சொன்னார். அப்பா துறைமுகமே கேட்கும்படி கத்தினார். "எஞ்சின் ரூமில உப்புத்தண்ணி ஏற விட்டிருக்கான். நோக்காம கிடந்து ஒறங்குனா இப்பிடித்தான்." மாமா கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் குணத்தைப் பெருந்தன்மை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது ஒரு வியாதி என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது.

"டைனமோவக் களத்தித் தக்கலையில கொண்டு குடுக்கலாம் அத்தான். பிரிச்சுப் பாத்தா என்ன போச்சுன்னு சொல்லுவான்."

"பிரிக்க ஒண்ணும் வேண்டாம். எஞ்சின் ஓடுகில்லியா? கிறிஸ்மஸ் கழியட்டு, பாக்கலாம்."

எஞ்சின் ஓடத்தான் செய்தது. டீசல் எஞ்சின் ஒருமுறை உயிர்பெற்றால் டைனமோ இல்லாமலும் ஓடும். அப்பா பிடித்துக்கொண்டது அந்த ஒரு நியாயத்தை. தினமும் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டால் போதும் என்றார். கடலில் பாதி வேலை முடிவதற்குள் அது செத்துவிடும். அம்மா எத்தனை முறை கேட்டாலும் கிறிஸ்மஸ் கழியட்டும் என்பதே பதில். அப்பாவுக்குக் கஞ்சத்தனம் என்று அம்மா நினைத்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

ஒரு நாள் காலையில் மற்ற போட்டுகளெல்லாம் வந்துவிட்டன, எங்கள் போட்டு வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். வெயில் ஏறிய பிறகு இன்னொரு போட்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. வலையில் பாதியைக் காணோம். மாமா குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். அவரோடு கடலுக்குப் போகும் வயதான ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"கப்பலு நேரே வந்துட்டு. வெளக்கு இல்ல. எஞ்சின் பிடிக்கல. ஒனக்க தம்பி தோர்த்துத் துண்ட டீசல்ல முக்கி, துடுப்பில கெட்டிப் பத்த வச்சு வீசினான். நாங்க போன் டார்ச்ச அடிச்சு அலறினோம். கடைசி நிமிசத்தில ஒரு எள்ளு திரும்பிச்சு. வலைய அறுத்துட்டுப் போயாச்சு."

அம்மா என்னை இழுத்துக்கொண்டு திரும்பினாள். வீடு வரைக்கும் என் கையை விடவில்லை, விரல்கள் கன்றிப்போயின. வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக மீட்டர் பெட்டியிடம் போனாள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார்.

"எனக்க தம்பிக்க போட்டில வெளக்கு எரியாத வர இந்த வீட்டிலயும் எரியாது."

"ஒனக்க தம்பிக்க போட்டா? அது எனக்க போட்டாக்கும்."

"போட்டு ஒங்களுக்கது. அதில கிடக்கிய உயிரு எனக்கது."

அப்பா வாய்க்கு வந்தபடி ஏசினார். அம்மா திருப்பி ஏசினாள். சாயங்காலம் அப்பா கடையிலிருந்து புதுக் கட்டை ஒன்று வாங்கி வந்து செருகினார்; அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அதுவும் அம்மாவின் இடுப்புக்குப் போய்விட்டது. அவர் இன்னொன்று வாங்கப் போகவில்லை. கடைக்காரர் ஏன் என்று கேட்டுவிடுவார் என்ற பயம்.

அப்போது என் கோபம் யார்மீது என்றால் அம்மாமீதுதான். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இயேசு பிறந்த தொழுவத்தைக் குடிலாகக் கட்டுவார்கள். எது நல்ல குடில் என்று பார்க்கக் கோயிலிலிருந்து பங்குச் சாமியாரும் இளைஞர்களும் இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் வருவார்கள். நான் சிமெண்டுச் சாக்கைக் கசக்கி மலை செய்திருந்தேன். தட்டில் நெல் முளைக்கவைத்து வயல் போட்டிருந்தேன். வயலுக்கு நடுவே சீரியல் பல்பு ஆறு மாதிரி ஓட வேண்டும். எல்லா வீட்டு வாசலிலும் ஸ்டார் தொங்கி எரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அதைச் சுற்றிப் பேசாத மூன்று பேர். அம்மாவிடம் கேட்டால் அடி விழும். அதனால் மீன் கொண்டுவந்த மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்களுக்க போட்டில வெளக்கு இல்லேன்னா எனக்க குடில் எதுக்கு இருட்டில கிடக்கணும்?"

"அதும் ஞாயந்தான் மக்களே."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்து என் ஸ்டாருக்கு ஈர்க்குச்சியை வளைத்துக் கட்டித் தரத் தொடங்கினார். சண்டைக்கு வந்தவளுக்கு ஸ்டார் கட்டித் தந்தால் அவள் என்ன செய்வாள்? எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. அதைவிட ஆத்திரம் அம்மாவுக்கு. அவ்வளவு நடந்த பிறகும் மாமா மிச்ச வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒனக்கு மண்டையில ஒண்ணும் இல்லியாலே? நீ எதுக்குப் போற?"

"கூட வாறவனுக்க வீட்டிலயும் கிறிஸ்மஸ் இல்லியா அக்கா?"

கடைசியில் அப்பாவை அசைத்தது கப்பல் அல்ல, குடில். சாமியார் வந்து நிற்கும்போது, மாதாவுக்கு விளக்குக் கொடுத்தவன் வீடு இருண்டு கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? இருபத்துமூன்றாம் தேதி பஸ் ஏறித் தக்கலைக்குப் போனார். வரும்போது சாக்கில் சுற்றி ஒரு டைனமோ கொண்டுவந்தார். லாரியிலிருந்து கழற்றியது, ஆனால் நல்லது. பழையதைப் பிரித்துச் சரிசெய்தாலே போதுமே என்று மாமா மறுபடியும் சொன்னார். அப்பா கேட்கவில்லை. மறுநாள் காலை மாமா பழைய டைனமோவைக் கழற்றிக் கரையில் வைத்ததும், அப்பா அதை இரண்டு கையாலும் தூக்கித் துறைமுகத்துத் தண்ணீரில் எறிந்தார். துருப்பிடித்த ஆணியைக்கூட நிமிர்த்தி எடுத்து வைக்கிற மனிதர், அத்தனை செம்புக் கம்பியைத் தண்ணீரில் எறிந்தார். தாராள மனசு என்று பக்கத்துப் போட்டுக்காரர் பாராட்டினார். நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லாரிக்காரன் டைனமோ எங்கள் எஞ்சினோடு ஒத்துப்போக மறுத்தது. போல்ட் ஓட்டை விலகி நின்றது. மாமா வாஷர் மேல் வாஷராகப் போட்டு இடைவெளியை நிரப்பினார். பெல்ட் வளைந்து ஓடாமல் நேராக ஓடுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். கம்பியை நெம்புகோலாக வைத்து டைனமோவைத் தள்ளி, பெல்ட் முறுகி நின்றதும் போல்ட்டை இறுக்கினார். விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் அருகில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் முடியுமா முடியாதா என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே இறங்கவேயில்லை. கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மாமா பேட்டரியின் வயரைக் கையில் எடுத்தார். நான் எழுந்து சுவரோரம் போய் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

"எதுக்கு மக்களே?"

"மாதா வருவா. தள்ளி நில்லுங்க மாமா, கண்ணு கூசும்."

மாமாவின் கை நின்றது. புதுமையை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் மாமா வெளி ஆளா? நடந்ததெல்லாம் சொன்னேன். வெளிச்சம், புகை, நாற்றம், அப்பா போட்ட சிலுவை எதையும் விடவில்லை.

"அன்னேரம் இந்த வயரு எந்தப் பக்கம் கிடந்துது?"

"மாதா வரும்போ அந்தப் பக்கம். மாதா போனப்பெறவு அப்பா இந்தப் பக்கம் மாத்திட்டாரு."

மாமா வயரைக் கீழே வைத்தார். தலையை மட்டும் வெளியே நீட்டிக் கரையில் நின்ற வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு என் பின்னலிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, ஒரு வயரின் நுனியில் இறுக்கமாகக் கட்டினார். கிறிஸ்துமஸுக்கு எஞ்சினையும் அலங்கரிக்கிறார் என்று நினைத்து இன்னொரு பின்னலையும் நீட்டினேன். ஒன்று போதும் என்றார். வயர்களை மாட்டினார். மாதா வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"இத அம்மைட்ட சொல்லண்டாம், கேட்டியா?"

எஞ்சின் சத்தம் கேட்டு அப்பா உள்ளே குனிந்தார். ரிப்பனைப் பார்த்தார்.

"இது என்னது?"

"ஒரு அடையாளம் அத்தான்."

அப்பா நிமிர்ந்து போய்விட்டார்.

மாமா அவ்வளவோடு விட்டுவிட்டார். என்னால் விடமுடியவில்லை. பிரித்துப் பார்க்கிறவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்பதற்காக ஒரு மனிதர் தன் மைத்துனனை இருட்டில் கப்பல் பாதைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். குற்றத்தையும் அவன் தலையிலேயே போட்டார். தெரிந்த பிறகு அவன் செய்தது ஒரு ரிப்பன் கட்டியது. மாமா படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்டப்பகலில் போட்டின் கொம்பில் விளக்கு எரிந்தது. கரையில் வந்து நின்ற அம்மா அதை அண்ணாந்து பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வீட்டுக்குப் போய்க் கட்டையைச் செருகினாள். சாயங்காலம் என் ஆறு ஓடியது. மாமா கட்டிய ஸ்டார் வாசலில் எரிந்தது. அம்மா மீன் பொரித்து அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே மாதிரி பரிமாறினாள். சாமியார் வருவதற்குள் ஜெபமாலையை முடித்துவிடலாம் என்று குடிலுக்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் முழந்தாளிட்டோம்.

எங்கள் வீட்டில் ஜெபமாலையின் முடிவில் அந்தந்த நாளுக்கு நன்றி சொல்வது என் பங்கு. அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று மாமா சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் மாதாவிடம் சொல்லலாமே. கண்ணை மூடி, கைகூப்பி, உரக்கச் சொன்னேன்.

"மாதாவே, திருவிழா கழிஞ்சு அப்பா பேட்டரி மாட்டினப்பம் தீயா வந்ததுக்கு ஒமக்கு நன்றி. டைனமோவில பொகையா வந்ததுக்கும் நன்றி. வயர மாத்திப் போட்டதும் போனீரே, இனியும் வாரும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்தேன். அப்பா குடிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீ அறிஞ்சியாலே?"

மாமா ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை எடுத்தாள். மிச்சத்தை ஒவ்வொரு வார்த்தையாக, தெருவுக்குக் கேட்கும் குரலில் சொல்லி முடித்தாள். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். மீட்டர் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. என் ஆறு நின்றது. ஸ்டார் அணைந்தது.

"போட்டிலதான் வெளக்கு எரியுதே அம்மா, இனி எதுக்கு?" என்று நான் அழ ஆரம்பித்தேன். தெருக்கோடியில் சாமியாரின் கூட்டம் பாடிக்கொண்டு வருவது கேட்டது. மாமா அவசரமாகப் போனை எடுத்து டார்ச்சைப் போட்டார்.

"அணைலே. அவரு கொஞ்சம் இருட்டில இரிக்கட்டு" என்றாள் அம்மா.

மாமா அணைத்துவிட்டார். அம்மா ஏன் 'அவரு' என்று அப்பாவை மட்டும் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. இருட்டில் நாங்கள் நாலு பேரும்தானே இருந்தோம்.